உச்சி வெயிலில் ஆளுயர நிழல்

முன்னொரு காலத்தில் உத்தண்டர் என்று ஒரு மகாராஜா இருந்தார். எந்தக் காலம், எந்த ஊர் என்று என்னைக் குடையாதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். மனுஷர் நல்லவர்தான். ஆனால் மனசில் ஓர் ஆசை புகுந்துவிட்டால் அவரைப் பிடித்து நிறுத்த முடியாது. ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே அரண்மனைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். முழுக்கப் பொன் ஓடு வேய்ந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது. கஜானாவிலோ அதற்கு வழியில்லை.

"என்ன செய்வீர்களோ எமக்குத் தெரியாது. அடுத்த பொங்கலுக்குள் கூரை மின்ன வேண்டும்" என்று சபையில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தச் சபையில் பவழநம்பி என்று ஒரு சுங்க அதிகாரி இருந்தான். ஊருக்குள் வரும் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்தே கண் இடுங்கிப் போனவன். அவன்தான் வழி சொன்னான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனை முரசை யானை மேல் ஏற்றித் தெருத் தெருவாக அறைந்து சொன்ன சொல் மகாராஜாவின் சொல். ஏன் என்று கேட்கக் கூடாது, சந்தேகப்படவும் கூடாது. வெள்ளம் வருகிறது என்று முரசு சொன்னால் அந்த நிமிஷமே மூட்டை கட்டுவார்கள். வராது என்று சொன்னால் ஆற்றங்கரையிலேயே பாய் விரித்துப் படுப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அது ஒரு பொய் சொன்னதில்லை.

"அந்த முரசை வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடலாம், மகாராஜா. அவரவர் சரக்கை அவரவர் அதில் சொல்லிக்கொள்ளட்டும். கூரைக்கு வழி பிறந்துவிடும்" என்றான் பவழநம்பி.

சபையில் ஓர் ஓரத்தில் நின்ற குழைக்காதனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் விகடன். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். ஒல்லி ஆள், பெரிய காது, அடக்கத் தெரியாத வாய். ராஜா அவன் பேச்சுக்குச் சிரிப்பதைக் கண்டாலே பவழநம்பிக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, அப்படியே தங்கள் நாக்கையும் வாடகைக்கு விட்டுவிடலாமே. கூரைக்கு மேலே கலசமும் வைத்துக்கொள்ளலாம்" என்றான் குழைக்காதன்.

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

முதலில் வளையல்காரன் முரசை எடுத்தான். ஊர்ப் பெண்கள் முழங்கை வரைக்கும் அடுக்கினார்கள். அடுத்து விசிறிக்காரன். வீட்டுக்கு நாலு விசிறி. பிறகு செருப்புக்காரன். ஆனால் எவ்வளவுதான் வாங்குவார்கள்? ஆளுக்கு இரண்டு கை, இரண்டு கால்தானே! நாலே மாதத்தில் முரசு கத்தியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பொங்கலும் வந்து போயிற்று, கூரை பாதியில் நின்றது. ராஜா முறைத்தார். பவழநம்பிக்கு உறக்கம் போயிற்று.

அப்போதுதான் அந்தப் பாவிக்கு ஒன்று புரிந்தது. ஆசை காட்டினால் ஒரு தடவை வாங்குவார்கள். பயம் காட்டினால் வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முரசு புறப்பட்டது. "ஊராரே, கேளுங்கள்! உங்கள் நிழல் மெலிகிறது! உச்சி நேரத்தில் பாருங்கள், நேற்றைவிட இன்று குறைந்திருக்கும். நாளை இன்னும் குறையும். நிழல் தீரும் நாளில் ஆயுளும் தீரும்! நிழல் காக்கும் தைலம் சுங்கச்சாவடி வாசலில் கிடைக்கிறது. காலையும் மாலையும் குதிகாலில் பூசுங்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும் உங்கள் பிள்ளைகளுக்காக!"

உச்சி நேரத்தில் நிழல் குட்டையாகும் என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதுவரைக்கும் யாரும் உட்கார்ந்து அளந்து பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். மறுநாள் பார்த்தார்கள். மாசி போய்ப் பங்குனி வந்து, சூரியன் நாளுக்கு நாள் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. நிழலும் நாளுக்கு நாள் ஒரு விரற்கடை குறைந்தது. முரசு சொன்னது அப்படியே பலிக்கிறதே என்று ஊர் நடுங்கிவிட்டது.

அடேயப்பா, அதற்குப் பிறகு அந்த ஊர் பட்ட பாட்டை என்ன சொல்ல! ஆணும் பெண்ணும் இடுப்பில் அளவுக் கயிறு செருகிக்கொண்டு திரிந்தார்கள். உச்சிப்பொழுதில் கடைவீதி வெறிச்சோடியது, நாய்கள் மட்டும் நடமாடின. பெண் பார்க்கப் போனவர்கள் முகத்தைப் பார்க்காமல் பெண்ணின் நிழலை அளந்து, போதாது என்று எழுந்து வந்தார்கள். தைலத்தில் மண் குப்பி, செப்புக் குப்பி, வெள்ளிக் குப்பி என்று மூன்று தரம். வெள்ளிக் குப்பிக்காரர் எதிரே வந்தால் மண் குப்பிக்காரர் தன் நிழலை மறைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார். ஒருவன் கறவை மாட்டை விற்றுத் தைலம் வாங்கினான். மறுவாரமே "மாட்டுக்கும் நிழல் உண்டு!" என்று முரசு சொல்லிற்று. நல்ல வேளை, என்னிடம் மாடு இல்லை என்று அவன் சாமிக்குத் தேங்காய் உடைத்தான்!

குழைக்காதன் முதலில் சிரித்தான். வாய் வலிக்கச் சிரித்தான். ஆனால் அவன் மனைவி செண்பகவல்லி சிரிக்கவில்லை. அவளுக்கு ஆறு மாசம். ஒரு நாள் முரசு அவர்கள் தெருவில் நின்று, "கர்ப்பிணிகளே! உங்களுக்கு உயிர் இரண்டு, நிழலோ ஒன்று!" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. அன்றைக்கு உள்ளறைக்குள் போனவள்தான். கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டாள். வெயிலே படாமல் முகம் வெளுத்துப் போயிற்று.

"செண்பகம், கொஞ்சம் முற்றத்துக்கு வா. காற்றாட உட்காரலாம்."

"வேண்டாங்க. வெளிச்சத்துக்கு வந்தா நிழல் விழும். விழுந்தா குறையும். வயித்துல இருக்கிறதுக்கு நான் எதைக் கொடுப்பேன்?"

"அது அந்தப் பவழநம்பி கிளப்பிவிட்ட புளுகு."

"முரசு பொய் சொல்லுமா? நீங்க எல்லாத்துக்கும் சிரிப்பீங்க. எனக்குப் பயமா இருக்குங்க" என்று அழுதாள். அவள் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் குப்பிகளாகி மூலையில் அடுக்கியிருந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், குழைக்காதன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஒரு நாள் உச்சியில் கிணற்றடிக்குப் போனவன் தற்செயலாகக் குனிந்து பார்த்தான். நிழல் காலுக்கடியில் ஒரு தோசை அளவுக்குத்தான் இருந்தது. எல்லாம் புளுகு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் காலை அகட்டி வைத்து மறுபடி பார்த்தான். மூன்று மாதமாக ஊரே ஒரே பேச்சைப் பேசினால் ஒரு தனி ஆள் எவ்வளவு நாள்தான் தாங்குவான்? திருடன் மாதிரி உள்ளே வந்து, மனைவிக்குத் தெரியாமல் குப்பியில் விரலை விட்டு, குதிகாலில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டான். விளக்கெண்ணெய் வாடை அடித்தது. வெட்கத்தில் அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

மகாராஜாவின் கதையைக் கேளுங்கள். முரசை வாடகைக்கு விட்டவர் அவர். முத்திரை குத்தியவர் அவர். ஆனாலும் தம் முரசு சொல்வதைத் தாமே நம்பிவிட்டார்! பாட்டனார் காலத்திலிருந்து பொய் சொல்லாத முரசு அல்லவா? வெள்ளிக் குப்பி குப்பியாகக் காலில் ஊற்றிக்கொண்டார். அப்படியும் சித்திரை பிறந்ததும் நிழல் காலடியில் ஒளிந்துகொண்டது. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் சபையில் பவழநம்பியைப் பார்த்து, "உமது தைலம் வேலை செய்யவில்லை. எமது ஆயுள் குறைந்தால் உமது தலையும் குறையும்" என்றார்.

பவழநம்பிக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அவன் சும்மா விழுகிறவனா? விழும்போது இன்னொருவனையும் பிடித்து இழுக்கிறவன்.

"மகாராஜா, தைலத்தில் குற்றமில்லை. இந்தச் சபையில் ஒருவர் தைலத்தைப் பார்த்து நாள் தவறாமல் நகைக்கிறார். அந்த நகைப்பினால்தான் மருந்தின் வீரியம் முறிகிறது. அவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?"

சபை முழுதும் குழைக்காதனைத் திரும்பிப் பார்த்தது. ராஜாவும் பார்த்தார். அந்தக் கண்ணில் பழைய பிரியம் இல்லை, பயம்தான் இருந்தது. பயந்த ராஜாவைப் போல ஆபத்தான ஜீவன் உலகத்தில் இல்லை என்று குழைக்காதனுக்கு அப்போது தெரிந்தது.

"குழைக்காதா, தைலத்தைப் பார்த்துச் சிரித்தாயா?"

"சிரித்ததுண்டு, மகாராஜா."

"அப்படியானால் நிழலைக் காக்க உனக்கு வேறு வழி தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு மூன்றாம் நாள், உச்சிப்பொழுதில், அரண்மனை நடு முற்றத்தில் எமக்குக் காட்டு. உன் நிழல் ஆளுயரத்துக்கு இருக்க வேண்டும். ஒரு விரற்கடை குறைந்தாலும் உன் தலை தரையில் உருளும்."

"விளக்கு, கண்ணாடி, திரைச்சீலை எதுவும் கூடாது, மகாராஜா. சூரிய வெளிச்சம் மட்டுமே" என்று பவழநம்பி பணிவாகச் சேர்த்துக்கொண்டான்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

குழைக்காதன் வீட்டுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  செண்பகவல்லியிடம் மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. கேட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "ராஜா காலைப் பிடிச்சுக் கேளுங்களேன். இனிமே சிரிக்க மாட்டேன்னு சொல்லுங்களேன்" என்றாள். சித்திரை மாதத்து உச்சி வெயிலில் ஆளுயர நிழல்! எப்படி யோசித்தாலும் அவனுக்கு வெட்டுப்பாறைதான் கண்ணில் தெரிந்தது.

மறுநாள் இன்னொரு விபரீதம். சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்யும் இருளப்பன் சூளைக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்து செத்துப் போனான். பிணம் கிடக்கும்போதே முரசு வந்துவிட்டது. "பார்த்தீர்களா, ஊராரே! இருளப்பன் தைலம் வாங்கவில்லை! அடுத்தது யார்?" என்று தெருக்கோடி வரைக்கும் கத்திக்கொண்டு போயிற்று. துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அங்கிருந்தே சுங்கச்சாவடிக்கு ஓடினார்கள்.

குழைக்காதன் துக்கம் கேட்க இருளப்பன் குடிசைக்குள் போனான். மூலையில் காலி மண் குப்பிகள் ஏழு இருந்தன.

"வாங்கினாருங்க" என்றாள் இருளப்பன் பெண்சாதி. "கஞ்சிக்கு வச்சிருந்ததை எல்லாம் கொடுத்து வாங்கினாரு. மூணு நாளா வெறும் தண்ணியைக் குடிச்சுட்டுத்தான் சூளைக்குப் போனாரு. வாங்கலைன்னு முரசு சொல்லுதே சாமி. முரசு சொன்னா நான் என்னத்தைச் சொல்ல?"

குழைக்காதன் அந்தக் குப்பிகளையே பார்த்தான். கண் முன்னால் கிடக்கிற ஏழு குப்பியையே இருளப்பன் பெண்சாதியால் நம்ப முடியவில்லையே! நாளைக்கழித்துத் தன் தலை உருண்டால் தன்னைப் பற்றியும் முரசு எதையாவது சொல்லும், செண்பகம் அதையும் நம்புவாள் என்று நினைத்தான். சாவைவிட அதுதான் அவனைக் கலக்கியது.

பாடை எடுக்கும்போது சரியான உச்சிப்பொழுது. வெயிலுக்குப் பயந்து தோள் கொடுக்கவே ஆள் வரவில்லை. குழைக்காதன் நாலாவது ஆளாகத் தோள் கொடுத்தான். கண்ணீரோடு தலையைக் குனிந்து நடந்தவன், தெருப் புழுதியில் பாடையின் நிழல் ஊர்ந்து வருவதைப் பார்த்தான். தன் நிழல் தன் காலுக்கடியில் கிடந்தது. செத்தவனின் நிழலோ தலை முதல் கால் வரைக்கும் நீளமாக, ஓர் அங்குலம் குறையாமல் கூடவே வந்தது. குழைக்காதன் அப்படியே நின்றுவிட்டான். பின்னால் வந்தவன் அவன் மேல் முட்டிக்கொண்டு ஏசினான்.

அன்று மாலையே அவன் மூங்கில் கடைக்குப் போய் நீள மூங்கில் இரண்டும், குறுக்கே கட்டப் பிளந்த பிளாச்சும், தென்னங்கயிறும் வாங்கினான். பாடை கட்டத்தானே இதெல்லாம் என்று கடைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். விகடன் சாகத் துணிந்துவிட்டான் என்று ஊர் பேசியது.  செண்பகவல்லி உள்ளறையில் இருட்டில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள். அரண்மனை முற்றம் அனலாகக் கொதித்தது. சனங்கள் தாழ்வாரங்களில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், வெயிலில் காலை வைக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. ராஜா மண்டபத்துக்குள்ளே சிம்மாசனத்தில். பக்கத்தில் பவழநம்பி. வெட்டுகிறவன் மட்டும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வாளோடு வெயிலில் நின்றான்.

உச்சி மணி அடித்தது. வாசல் பக்கம் சாவுச் சங்கு கேட்டது. நாலு பேர் தோளில் ஒரு பாடை வந்தது. பாடையில் வாய்க்கட்டு, கால்கட்டு, நெற்றியில் விபூதி, எல்லாமாகக் குழைக்காதன் மல்லாந்து கிடந்தான். கூட்டத்தில் பெண்கள் வீரிட்டார்கள். நடு முற்றத்தில் பாடை நின்றது.

"அளக்கச் சொல்லுங்கள், மகாராஜா" என்றது பிணம், வாய்க்கட்டைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு.

நிலம் அளக்கிறவன் கயிற்றோடு ஓடி வந்தான். பாடைக்குக் கீழே தரையில் குழைக்காதனின் நிழல், தலையும் காதும் வயிறும் காலுமாகப் படுத்துக் கிடந்தது. அளந்தான். திரும்ப அளந்தான். "ஆளுயரம் சரியாக இருக்கிறது, மகாராஜா!" என்றான்.

"இது மோசடி! இவன் படுத்திருக்கிறான்!" என்று கத்தினான் பவழநம்பி.

"விளக்கு கூடாது என்றீர்கள், கண்ணாடி கூடாது என்றீர்கள். படுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே, சுங்க அதிகாரியாரே" என்றான் குழைக்காதன். பேச்சு தைரியமாகத்தான் வந்தது. ஆனால் பாடைக்கு மேலே அவன் முதுகு நடுங்கியதில் மூங்கில் கிறீச்சிட்டதை தூக்கி வந்த நாலு பேரும் கேட்டார்கள். "மகாராஜா, மூன்று மாதமாகத் தங்கள் குடிகள் உச்சியில் நீண்ட நிழல் வேண்டும் என்று சொத்தை அழிக்கிறார்கள். அது கிடைக்கிற இடம் இது ஒன்றுதான். முந்தாநாள் இருளப்பனுக்குக் கிடைத்தது. பட்டினி கிடந்து ஏழு குப்பி வாங்கிய பிறகு கிடைத்தது. உயிரோடு இரண்டு காலில் நிற்கிறவனுக்கு நிழல் காலடியில்தான் இருக்கும். தங்கள் பாட்டனாருக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் எண்பது வயது வாழ்ந்தார்."

 மகாராஜா எழுந்தார். சித்திரை பிறந்ததிலிருந்து உச்சி வெயிலில் கால் வைக்காத மனுஷர், ஒவ்வொரு படியாக இறங்கி வெயிலில் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். காலுக்கடியில் சின்னதாக, கறுப்பாக நிழல் கிடந்தது. வெட்டுகிறவனும் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

பிழைத்தோம் என்று குழைக்காதன் கால்கட்டை அவிழ்த்தான். அப்போது தாழ்வாரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, அந்த மூங்கில் என்ன விலை?"

"எனக்கு ஒரு பிளாச்சு!" என்றான் இன்னொருவன். "நிழலை நீட்டிக் கொடுத்த மூங்கிலாச்சே! வீட்டு நிலையில கட்டினா போதும்!" ஒருத்தி மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தாள். கூட்டம் வெயிலையும் மறந்து பாடையை மொய்த்தது. அட கடவுளே! இவ்வளவு சொல்லியும் இவர்கள் காதில் விழுந்தது இவ்வளவுதானா?

குழைக்காதன் ராஜாவைப் பார்த்தான். ராஜா பாதியில் நிற்கும் பொன் கூரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டு, "குழைக்காதா, இந்த மூங்கிலை நாம் முரசில் சொன்னால்..." என்று இழுத்தார். வாளைப் பார்த்தபோது வராத பயம் குழைக்காதனுக்கு அப்போது வந்தது. இனிமேல் இந்த ஊரை யார் காப்பாற்றுவார்கள்?

சட்டென்று பாடையிலிருந்து குதித்தான். அளவுக்காரன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினான். ராஜாவின் கிரீடத்தில் ஒரு முனையை வைத்து, குனிந்து, கால் பெருவிரல் வரைக்கும் இழுத்துப் பிடித்தான்.

"என்ன செய்கிறாய்?" என்று ராஜா அதிர்ந்துபோய்க் கேட்டார்.

"அளவெடுக்கிறேன், மகாராஜா. பாடையை ஆளுக்கேற்றபடிதான் கட்ட முடியும். மகாராஜாவே ஒன்றில் ஏறிப் படுத்து ஊர்வலம் போனால்தானே மற்றவர்கள் நம்பி வாங்குவார்கள்? கொஞ்சம் அசையாமல் இருங்கள், தோள் அகலமும் பார்த்துவிடுகிறேன்."

வெட்டுகிறவனின் கை தானாக வாளுக்குப் போயிற்று. உயிரோடிருக்கும் ராஜாவுக்குப் பாடை அளவெடுப்பதா! கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. குழைக்காதன் கயிற்றை விடவில்லை.  ராஜா தம் கால் விரலில் இருந்து கிரீடம் வரைக்கும் அந்தக் கயிற்றைப் பார்த்தார். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு வயிறு குலுங்கியது. சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! கிரீடம் கழன்று உருண்டது. மூன்று மாதமாகச் சிரிக்காத ஊர் அதைப் பார்த்து வெட்கப்பட்டு, மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு, தானும் சிரித்தது.

முரசு அன்றோடு கொட்டிலுக்குத் திரும்பியது. வெள்ளத்துக்கும் தீக்கும் மட்டும்தான் அது வெளியே வரலாம் என்று ராஜா உத்தரவு போட்டார். பவழநம்பி யானை மேல் ஏறி, விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்துத் தைலம் என்று விற்ற கதையைத் தன் வாயாலேயே தெருத் தெருவாகச் சொல்ல வேண்டியதாயிற்று. கூரைக்கு வாங்கிய பொன்னில் பாதியை ஊருக்குத் திருப்பிக் கொடுத்தார் ராஜா. மீதிப் பாதி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், ராஜா அல்லவா! இருளப்பன் பெண்சாதிக்கு ஆயுசுக்கும் படியளக்கச் சொன்னார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டார். வாய்க்கட்டுக்கு மேலே முத்துமாலை நன்றாகத்தான் இருந்தது.

முத்துமாலையோடு திரும்பியவன் அரண்மனை வாசலருகே திகைத்து நின்றான். செண்பகவல்லி நடு வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பில்லை, தலையில் முந்தானை இல்லை. தலை உருளும் முன்னால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று உள்ளறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"ஐயோ செண்பகம், வெயிலில் வந்துவிட்டாயே! நிழலைப் பார்த்தாயா?" என்றான் பதறிப்போய்.

"உங்களைத்தாங்க பார்த்துட்டிருந்தேன்" என்றாள் அவள்.